காட்டுச் சேவலும் நம் வீட்டு மஞ்சள் கால் கோழியும்

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



பாலிடெக்னிக் ஆண்டு மலரில் கோழியைப் பற்றிக் கட்டுரையா என்று சிரிக்காதீர்கள். லேத் மெஷினையும் டீசல் எஞ்சினையும் பற்றி எழுத நம் வகுப்பில் ஆள் இருக்கிறது. நம்ம ஊர் மொட்டை மாடியில் நின்று பார்த்தால் மேற்கே தெரிகிற ஜவ்வாது மலையில் ஒரு பறவை இருக்கிறது. அதன் சொத்தில் ஒரு பங்கு நம்ம வீட்டுக் கோழிக் கூடை வரைக்கும் வந்திருக்கிறது. ஆனால் அந்தப் பறவையைப் பற்றி நம்மில் பலருக்குத் தெரிந்தது "கறி ருசியா இருக்குமாம்" என்பது மட்டும்தான். அது போதாது என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

அதன் பெயர் சாம்பல் காட்டுக்கோழி.

எந்தக் குடும்பம்?

ஆங்கிலத்தில் ஃபெசண்ட் என்று ஒரு பறவைக் குடும்பத்தைச் சொல்வார்கள். உடனே இமயமலைதான் ஞாபகத்துக்கு வரும். உத்தரகாண்ட் மாநிலப் பறவையான மோனால், இமாச்சலப் பிரதேசத்தின் மாநிலப் பறவையான டிராகோபான் எல்லாம் அந்தக் குடும்பம்தான். படத்தில் பார்த்தால் வானவில்லையே உடுத்திக்கொண்டது போல இருக்கும். நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? நம்ம தேசியப் பறவை மயில் இந்தக் குடும்பம். வயல் வரப்பில் ஓடுகிற கௌதாரியும் காடையும் இந்தக் குடும்பம். வீட்டுக் கோழியும் இதே குடும்பம்தான்!

உலகத்தில் காட்டுக்கோழி இனங்கள் மொத்தம் நான்கு. சிவப்புக் காட்டுக்கோழி, சாம்பல் காட்டுக்கோழி, இலங்கைக் காட்டுக்கோழி, ஜாவாத் தீவுப் பக்கம் இருக்கிற பச்சைக் காட்டுக்கோழி. இதில் சிவப்பு, இமயமலை அடிவாரத்திலும் சால் மரக் காடுகளிலும் தொடங்கி, பர்மா, தாய்லாந்து என்று கிழக்கே நெடுந்தூரம் பரவியிருக்கிறது. சாம்பலோ இந்தியாவைத் தவிர வேறு எந்த நாட்டுக் காட்டிலும் இயற்கையாகக் கிடையாது. தெற்கு ராஜஸ்தான், குஜராத், மத்தியப் பிரதேசம் பக்கம் ஆரம்பித்துக் கன்னியாகுமரி வரை, கிழக்கே கோதாவரி வரை, மலைக்காடும் மூங்கில் புதரும் உள்ள இடங்களில் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலைதான் அதன் பெரிய வீடு. நம்ம ஜவ்வாது மலை உட்பட்ட கிழக்குத் தொடர்ச்சி மலையிலும் குடியிருக்கிறது. போளூர் போய், அங்கிருந்து ஜமுனாமரத்தூர் பஸ் பிடித்தால், விடியற்காலையில் மலைப்பாதை ஓரத்திலேயே சில சமயம் பார்க்கலாம்.

கழுத்தில் புட்டா போட்ட சேவல்

சேவல், வால் நுனி வரை அளந்தால் 70 முதல் 80 சென்டிமீட்டர். எடை ஏறக்குறைய ஒரு கிலோ. உடம்பு சாம்பல் நிறம். சிவந்த கொண்டை, சிவந்த தாடி, காலில் கூரான முள். வால் கறுப்பு. ஆனால் வெயில் பட்டால் ஊதாவும் பச்சையும் மாறி மாறி மின்னும். நம்ம மயில்கழுத்துப் புடவை நினைவுக்கு வரும். புடவையில் பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம் என்பதால் அந்த மினுக்கு. சேவல் வாலில் சாயம் கிடையாது. இறகின் உள்ளே இருக்கிற மிக நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருகிற நிறம் அது.

அதைவிடப் பெரிய அதிசயம் கழுத்து. சாதாரணமாக ஒரு கோழி இறகைக் கையில் எடுத்துப் பாருங்கள். நடுவில் தண்டு. தண்டின் இரண்டு பக்கமும் இழை இழையாகப் பிரியும். ஒவ்வொரு இழையிலிருந்தும் இன்னும் மெல்லிய இழைகள் கிளம்பிப் பக்கத்து இழையைக் கொக்கி போட்டுப் பிடித்துக்கொள்ளும். பிரித்துவிட்டு விரலால் நீவினால் மறுபடி சேர்ந்துகொள்ளும். ஒரு விதத்தில் அதுவும் நெசவுதான். சாம்பல் காட்டுச் சேவலின் கழுத்து இறகில் மட்டும், அந்தத் தண்டே சில இடங்களில் தட்டையாக அகன்று, உருகிய மெழுகு ஒரு சொட்டு விழுந்து காய்ந்தது போலப் பளபளப்பான தகடாகிவிடுகிறது. நுனியில் இருப்பது மஞ்சள், அதற்கு உள்ளே இருப்பது வெளுப்பு. கறுத்த சாம்பல் கழுத்து முழுக்க இப்படிப் புள்ளி புள்ளியாக இருப்பதைப் பார்த்தால், உடலில் ஜரிகை புட்டா போட்ட சேலை மாதிரியே இருக்கும். வேறு எந்தக் காட்டுக்கோழிக்கும் இது கிடையாது.

நம் முன்னோர்கள் இதைக் கவனித்திருக்கிறார்கள். குறுந்தொகையின் 242-ஆம் பாடலில் ஒரு காட்டுச் சேவல் வருகிறது. முல்லை நிலத்தில், பளிச்சென்ற புள்ளிகள் உள்ள அதன் கழுத்தில் புதரிலிருந்து நீர்த்துளி சொட்டுவதாகப் புலவர் பாடியிருக்கிறார். கேமரா இல்லாத காலத்தில் கழுத்துப் புள்ளி வரைக்கும் பார்த்த கண் அது!

பெட்டை இந்த ஆடம்பரம் எதுவும் இல்லாதது. சேவலைவிடச் சிறியது. முதுகு பழுப்பு. மார்பில் மட்டும் வெள்ளை இறகுகளுக்குக் கறுப்புக் கரை கட்டினாற்போல இருக்கும். காய்ந்த சருகில் உட்கார்ந்தால் பத்தடி தூரத்தில் நின்றாலும் தெரியாது. ஏன் இப்படி என்பது அடுத்துச் சொல்வதில் புரியும். அதன் கால் மஞ்சள் நிறம். இந்த மஞ்சள் காலை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

காட்டில் அதன் வாழ்க்கை

"கொக்கரக்கோ" என்று இது கூவாது. "குக்... கயக்-கயக்-குக்" என்று வெட்டி வெட்டி வரும். கூவுவதற்கு முன்னால் இறக்கையைப் படபடவென்று அடித்துக்கொள்ளும். விடியற்காலையிலும் சாயங்காலத்திலும்தான் கச்சேரி. ஒரு சேவல் ஆரம்பித்தால் அடுத்த சரிவிலிருந்து இன்னொன்று பதில் கொடுக்கும். இது என் இடம், உள்ளே வராதே என்பதுதான் அதன் அர்த்தம்.

பகலில் சருகைக் கிளறி விதை, பழம், கறையான், பூச்சி என்று கிடைத்ததைத் தின்னும். மூங்கில் பூத்து அரிசி கொட்டும் காலத்திலும், குறிஞ்சி விதை உதிரும் காலத்திலும் ஓரிடத்தில் நிறையக் கூடும். ராத்திரி மரக்கிளையிலோ மூங்கில் கொத்திலோ ஏறித் தூங்கும். ஆள் அரவம் கேட்டால் பறப்பதைவிட ஓடுவதற்கே முதலில் பார்க்கும். வேறு வழி இல்லாவிட்டால்தான் சடாரென்று எழும்பும்.

பிப்ரவரி முதல் மே வரைதான் முக்கியமான இனப்பெருக்கக் காலம். கூடு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. புதரடியில் தரையைச் சற்றுக் கீறி, சருகு போட்ட ஒரு சின்னப் பள்ளம். அதில் 4 முதல் 7 முட்டை. பெட்டை மட்டும் ஏறக்குறைய மூன்று வாரம் அடைகாக்கும். தரையில், திறந்த இடத்தில், கீரி, பாம்பு, உடும்பு, காட்டுப்பூனை எல்லாம் சுற்றுகிற காட்டில் 21 நாள் அசையாமல் உட்கார வேண்டும். அதனால்தான் பெட்டைக்கு அந்தச் சருகு நிறம். குஞ்சுகள் பொரித்த அன்றைக்கே அம்மா பின்னால் நடக்க ஆரம்பித்துவிடும்.

பண்ணையில் வளர்க்கிற லெகார்ன் கோழி வருஷத்துக்கு 300-க்குப் பக்கமாக முட்டையிடுகிறது. காட்டுக்கோழியின் கணக்கு அந்த நாலும் ஏழும்தான். அதிலும் எத்தனை பெரியதாகும் என்பது காட்டின் கையில். ஒரு பெட்டையைப் பிடித்தால் ஒரு கோழி மட்டும் குறைந்தது என்று அர்த்தம் இல்லை.

நம்ம கோழிக்குத் தாத்தா யார்?

பியர் சொன்னரா என்ற பிரெஞ்சு இயற்கை ஆராய்ச்சியாளர் தென்னிந்தியாவில் சுற்றிவிட்டு 1782-ல் தன் பயணப் புத்தகத்தை வெளியிட்டார். அதில் இந்தக் காட்டுக்கோழியை விவரித்து, வீட்டுக் கோழிக்கு மூதாதை இதுதான் என்று எழுதினார். பிறகு 1813-ல் டெமிங்க் என்ற டச்சு அறிஞர் அதற்கு அறிவியல் பெயர் வைக்கும்போது சொன்னராவின் பெயரையே சேர்த்து 'காலஸ் சொன்னராட்டி' என்று வைத்தார்.

அதற்குப் பிறகு வந்தவர் சார்லஸ் டார்வின். அவர் 1868-ல் வெளியிட்ட புத்தகத்தில் சொன்னரா சொன்னதை மறுத்தார். சாம்பல் சேவலின் கழுத்து இறகு வேறு, குரல் வேறு. கலப்புக் குஞ்சும் சரியாக வருவதில்லை. லண்டன் விலங்குக் காட்சிசாலையில் சாம்பல், சிவப்பு, பச்சை இனங்களைப் பல விதமாகக் கலந்து 500 முட்டை எடுத்துப் பார்த்ததில் 12 குஞ்சுதான் வளர்ந்தன என்று கணக்கும் கொடுத்தார். ஆகவே வீட்டுக் கோழியின் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி மட்டுமே என்பது அவர் தீர்ப்பு. 140 வருஷம் பாடப்புத்தகங்களில் அதுதான் இருந்தது.

2008-ல் ஸ்வீடனில் உள்ள உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட ஒரு குழு, வீட்டுக் கோழியின் மஞ்சள் தோலுக்கும் மஞ்சள் காலுக்கும் காரணமான மரபணுவைத் தேடியது. சிவப்புக் காட்டுக்கோழிக்கு மஞ்சள் கால் கிடையாது. அப்படியானால் மஞ்சள் எங்கிருந்து வந்தது? மரபணுவை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தபோது, அது சிவப்போடு ஒத்துப்போகவில்லை. சாம்பல் காட்டுக்கோழியோடு ஒத்துப்போனது!

2020-ல் 863 கோழிகளின் மரபணுத் தொகுப்பை ஒப்பிட்ட இன்னொரு ஆய்வு, வீட்டுக் கோழியின் முதன்மை மூதாதை தென்மேற்குச் சீனா, வடக்குத் தாய்லாந்து, மியான்மர் பக்கத்துச் சிவப்புக் காட்டுக்கோழிதான் என்று உறுதிப்படுத்தியது. ஆக, டார்வின் சொன்னது பெரும்பாலும் சரி. சொன்னராவும் முழுக்கத் தப்பில்லை. வீடு சிவப்பினுடையது, ஒரு சன்னல் மட்டும் சாம்பலினுடையது. மனிதர்களோடு வந்த கோழி எப்போதோ நம் காட்டு ஓரத்தில் சாம்பலோடு கலந்திருக்கிறது. டார்வின் சொன்ன அந்த அபூர்வக் குஞ்சுகளில் ஏதோ ஒன்று பிழைத்துக்கொண்டது. அந்த மஞ்சள் இன்றைக்கு உலகம் முழுக்க, வெள்ளை லெகார்னின் காலில்கூட இருக்கிறது.

மஞ்சள் கோராவும் மஞ்சள் காலும்

மரபணு என்றதும் பயப்பட வேண்டாம். பட்டு ஊரில் பிறந்த நமக்கு இது சுலபம்.

தென்னிந்தியப் பட்டுக்கூடுகளில் மைசூர் ரகப் புழுவைக் கலந்து வளர்த்த கூடு மஞ்சளாக இருக்கும் என்பது தெரியும். அந்த மஞ்சள் புழு தானாகச் செய்தது இல்லை. மல்பெரி இலையில் இருக்கிற கரோட்டினாய்டு என்கிற நிறப்பொருள், புழுவின் உடம்பு வழியாகப் பட்டின் மேல் பசையில் வந்து தங்குகிறது. கோராவை சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்தால் பசை போகிறது. மஞ்சளும் அதோடு போய்விடுகிறது. பட்டு வெள்ளையாகிறது.

கோழியிலும் அதே நிறப்பொருள்தான். கீரை, புல், மக்காச்சோளம் வழியாகக் கரோட்டினாய்டு எல்லாக் கோழியின் உடம்புக்குள்ளும் போகிறது. சிவப்புக் காட்டுக்கோழியின் தோலில் ஒரு நொதி உட்கார்ந்துகொண்டு, வருகிற நிறப்பொருளை எல்லாம் வெட்டிப் போட்டுவிடுகிறது. தோல் வெளுப்பாகவே இருக்கிறது. அந்த நொதியைச் செய்யும் மரபணுவுக்கு பி.சி.டி.ஓ.-2 என்று பெயர். சாம்பலிடமிருந்து வந்த மரபணு வகையில், தோலில் மட்டும் அந்த நொதி மிகக் குறைவாகவே உண்டாகிறது. வெட்ட ஆள் இல்லாததால் மஞ்சள் தங்கிவிடுகிறது. அவ்வளவுதான்!

எங்க வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். படித்ததை வீட்டில் போய்ச் சொன்னால் பாதி நேரம் "சரி, சரி, சாப்பிடு" என்பார்கள். இதைச் சொன்னபோது தறியில் இருந்த அப்பா நாடாவை நிறுத்திவிட்டு, "கோரா வேகாம இருக்கிற மாதிரியா?" என்று கேட்டார். அதேதான். அப்பாவுக்குப் பாடப்புத்தகம் தெரியாது, ஆனால் பாடம் ஏற்கெனவே கையில் இருக்கிறது. கோழி வாங்கும்போது முதலில் காலைப் பார்க்கிற எங்க ஆயாவோ, "அப்போ காட்டுக்கோழி நம்ம கோழிக்குச் சொந்தம்னு சொல்லு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டது.

தூண்டிலுக்குப் போன கழுத்து

சொந்தக்காரனுக்கு நாம் செய்தது என்ன?

முதலில் வெளிநாட்டுக்காரர்கள். 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் பிரபுக்களுக்கு சால்மன் மீன் பிடிப்பது பெரிய பொழுதுபோக்கு. தூண்டிலில் நிஜப் புழு மாட்டாமல், இறகுகளைக் கட்டிச் செய்த பொய்ப்பூச்சியை மாட்டுவார்கள். அதற்கு, தண்ணீரில் மீன்கண் போல மின்னுகிற சாம்பல் காட்டுச் சேவலின் கழுத்துப் புட்டாவைப் போல வேறொன்று கிடைக்கவில்லை. பல வருஷம் தென்னிந்தியக் காடுகளிலிருந்து கழுத்துத் தோல்கள் கப்பலேறின. எந்த அழகை நம் புலவர் பார்த்து ரசித்தாரோ, அதே அழகு அதற்கு எமன் ஆனது. இப்போது அந்தத் தேவைக்கு இங்கிலாந்திலேயே பண்ணையில் வளர்த்துக்கொள்கிறார்கள்.

இப்போதைய ஆபத்து மூன்று.

ஒன்று, கண்ணி. நைலான் நரம்பைச் சுருக்கு போட்டுக் கோழி நடக்கிற தடத்தில் வைப்பது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுக்கோழியைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். கண்ணி வைக்கிறவரை மட்டும் திட்டிப் பயன் இல்லை. காசு கொடுத்து வாங்குகிற கை கீழே, நம்ம மாதிரி ஊர்களில்தான் இருக்கிறது. குழந்தைக்கு இளைப்பு என்றால் காட்டுக்கோழிச் சாறு கொடுத்தால் போகும் என்று சொல்பவர்கள் இன்னும் உண்டு. ஆயா சொன்ன மாதிரி அது நம்ம கோழிக்குச் சொந்தம். கறியில் இருப்பதும் அதே புரதம்தான். இளைப்புக்கு டாக்டரிடம் போக வேண்டும்.

இரண்டு, தீ. மேலே சொன்ன மாதத்தைத் திரும்பப் பாருங்கள். பிப்ரவரி முதல் மே. நம்ம மலைகளில் காட்டுத்தீ பிடிக்கிற மாதமும் அதேதான்! முட்டை தரையில், சருகில். மரத்தில் கூடு கட்டும் பறவைக்காவது தரைத்தீ எட்டாமல் போகலாம். இதற்கு அந்த வாய்ப்பே இல்லை. நாம் மலைக்கு டூர் போவதும் பரீட்சைக்கு முன்னும் பின்னும் அதே கோடையில்தான். பீமன் அருவிக்குப் போகிற வழியில் அணைக்காமல் போட்ட ஒரு பீடித்துண்டு, சமைத்துவிட்டு அப்படியே விட்ட ஓர் அடுப்பு, மூன்று வாரம் அசையாமல் உட்கார்ந்த பெட்டையை ஒரு மணி நேரத்தில் முடித்துவிடும்.

மூன்று, கலப்பு. கேட்க விசித்திரமாக இருக்கும். வீட்டுக் கோழி காட்டு ஓரத்தில் மேய்ந்து காட்டுக்கோழியோடு சேர்ந்தால், காட்டுக்கோழியின் தனித்தன்மை கரையும். சிவப்பு இனத்தில் இது ஏற்கெனவே பெரிய அளவில் நடந்துவிட்டது. இப்போது காட்டில் இருக்கிற சிவப்புக் கோழிகளின் மரபணுவில் 20 முதல் 50 சதவீதம் வரை வீட்டுக் கோழியினுடையது என்று 2023-ல் வெளிவந்த சிங்கப்பூர் ஆய்வு சொல்கிறது. சாம்பல் வேறு இனம், எளிதில் கலக்காது என்பது இதுவரை அதற்கு ஒரு வேலி. காடு சுருங்கி, குடியிருப்பு உள்ளே போகப் போக அந்த வேலிக்கும் வேலை கூடும்.

நமக்கு என்ன வந்தது?

சாம்பல் காட்டுக்கோழி அழியும் நிலையில் உள்ள பறவை இல்லை. உலகப் பட்டியலில் அது 'கவலை குறைந்த' இனம்தான், எண்ணிக்கை மட்டும் குறைந்துகொண்டு வருகிறது. புலி, யானை என்றால் பேப்பரில் வரும். கோழி என்றால் யார் கேட்பார்கள்? நிறைய இருக்கிற போதே கவனிக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. நம்ம ஊர் வழியாக ஓடுகிற கமண்டல நாகநதி அந்த மலையில்தான் பிறக்கிறது. காட்டுக்கோழி கூவுகிற காட்டில் சருகு இருக்கிறது, புதர் இருக்கிறது. சருகும் புதரும் இருக்கிற சரிவுதான் மழையைப் பிடித்து வைக்கும். சருகு எரிந்து புதர் போன சரிவில் பெய்த மழை நிற்காமல் ஓடிவிடும்.

இன்னொன்றும் உண்டு. ஒரு காலத்தில் வீட்டுக் கோழிக்குத் தேவைப்பட்ட ஒரு மரபணு, காட்டில் உயிரோடு இருந்ததால்தான் கிடைத்தது. நாளைக்கு ஒரு நோய் வந்தால், என்ன தேவைப்படும், எங்கே கிடைக்கும் என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. ஒரிஜினல் டிராயிங்கைக் கிழித்துப் போட்டுவிட்டு பிளூ பிரிண்டை மட்டும் வைத்துக்கொள்ள எந்த எஞ்சினியரும் சம்மதிக்க மாட்டான்.

நாம் செய்யக்கூடியது கஷ்டமே இல்லை.

கோடையில் மலைக்குப் போனால் நெருப்பு வேண்டாம். சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போவோம்.

காட்டுக்கோழிக் கறி இருக்கிறது என்று யாராவது சொன்னால், வேண்டாம் என்று சொல்லுவோம். நாலு பேர் வேண்டாம் என்றால் கண்ணிக்கு வேலை இல்லை.

தடத்தில் கண்ணி கிடந்தால் வனத்துறையிடம் சொல்லுவோம்.

விடியற்காலையில் ஒரு தடவையாவது அந்த வெட்டு வெட்டான கூவலைக் காது கொடுத்துக் கேட்போம். செல்போனில் பதிவு செய்து வீட்டில் போட்டுக் காட்டலாம்.

இன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் கூடையில் இருக்கிற கோழியின் காலைப் பாருங்கள். மஞ்சளாக இருந்தால், அது எங்கிருந்து வந்தது என்று வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்லுங்கள். நாம் படிக்க வந்ததில் அதுவும் ஒரு வேலைதானே!